செத்தவர் எழும் களம்

ஹேஸ்டிங்ஸ் போர் ஹேஸ்டிங்ஸில் நடக்கவில்லை. இங்கிலாந்தின் தென்கரையில் இருக்கும் அந்த ஊரிலிருந்து வடமேற்கே சுமார் பத்து கிலோமீட்டர் உள்ளே போனால் ஒரு நீண்ட மேடு வரும். 1066 அக்டோபர் 14 அன்று காலை ஒன்பது மணிவாக்கில் தொடங்கிப் பொழுது சாயும்வரை இரண்டு படைகள் மோதிக்கொண்டது அங்கேதான். அந்த மேட்டின் மேல் பிறகு ஒரு மடாலம் எழுந்தது, மடாலத்தைச் சுற்றி பேட்டில் என்ற சிற்றூர் வளர்ந்தது. இன்று அந்த நிலத்தைப் பராமரிப்பது இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் என்ற அறக்கட்டளை. அக்டோபர் 14-ஐ ஒட்டி வரும் சனி, ஞாயிறுகளில், சங்கிலிக் கவசமும் இரும்புத் தலைக்கவசமும் போட்ட நூற்றுக்கணக்கானவர்கள் அங்கே கூடி அந்தப் போரை மறுபடி நடத்திக் காட்டுகிறார்கள். குடும்பம் குடும்பமாக ஜனம் வருகிறது. தோளில் குழந்தை, கையில் போர்வை, பையில் சாண்ட்விச்.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாமா, போனால் என்ன பார்ப்பது என்று கேட்பவர்களுக்கு ஒரே வரியில் பதில் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. டீயை ஊற்றிக்கொள்ளுங்கள், நிதானமாகச் சொல்கிறேன். எதைப் பார்க்க வேண்டும் என்று தெரியாமல் போனால் அது வாள்சண்டை வேடிக்கையாக முடிந்துவிடும். தெரிந்துகொண்டு போனால், பள்ளிப் புத்தகம் நாலு பக்கத்தில் சொல்லியும் புரியாத ஒரு விஷயம் பத்து வயதுப் பிள்ளைக்கும் புரியும்.

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நாற்காலி ஒன்று, கேட்டவர் மூவர். வாரிசில்லாத எட்வர்ட் அரசர் 1066 ஜனவரி 5 அன்று இறந்தார். மறுநாளே ஆங்கிலேயப் பிரபு ஹரால்ட் முடிசூடிக்கொண்டார். பிரான்ஸின் வடக்கே நார்மண்டியை ஆண்ட வில்லியம், அந்த முடி எனக்கு வாக்களிக்கப்பட்டது என்றார். நார்வே அரசர் ஹரால்ட் ஹார்ட்ராடாவும் அதற்கு உரிமை கொண்டாடினார். நார்வேக்காரர் வடக்கே வந்து இறங்கினார். ஹரால்ட் விரைந்து போய் செப்டம்பர் 25 அன்று ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜில் அவரை வென்றார், ஹார்ட்ராடா களத்திலேயே விழுந்தார். மூன்றே நாளில், செப்டம்பர் 28 அன்று, தெற்கே பெவன்சியில் வில்லியம் கரையிறங்கிவிட்டார். வென்ற களைப்பு ஆறுமுன்னே ஹரால்ட் தெற்கு நோக்கித் திரும்ப வேண்டியதாயிற்று. வடக்கே யார்க்கிலிருந்து லண்டன், லண்டனிலிருந்து இந்த மேடு. 2016-இல், போரின் 950-ஆம் ஆண்டை ஒட்டி, ஒரு சிறு குழு யார்க்கிலிருந்து பேட்டில் வரை அந்தக் காலத்து உடையில் நடந்தும் குதிரையேறியும் வந்தது. அவர்களுக்கு ஏறக்குறைய மூன்று வாரம் பிடித்தது. போருக்கு வந்து சேர்ந்த ஹரால்டின் ஆட்கள் எந்த நிலையில் இருந்திருப்பார்கள் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல இதுவே போதும்.

இனி களத்துக்கு வருவோம். நான் எல்லாரிடமும் வற்புறுத்துவது ஒன்றுதான்: வாளைப் பார்க்காதீர்கள், நிலத்தைப் பாருங்கள். போர்க்காட்சி தொடங்குவதற்கு முன்பே போய்விடுங்கள். களத்தைச் சுற்றி நடைபாதை இருக்கிறது. கீழே, நார்மானியர் நின்றதாகச் சொல்லப்படும் தாழ்வான பக்கத்துக்கு இறங்குங்கள். அக்டோபரில் அங்கே ஈரம் சொதசொதவென்று இருக்கும், ரப்பர் பூட்ஸ் இல்லாமல் போக வேண்டாம். அங்கிருந்து மடாலச் சுவரை நோக்கி மேலே ஓடச் சொல்லுங்கள் பிள்ளைகளை. பாதிச் சரிவிலேயே மூச்சு வாங்கும். இப்போது சொல்லுங்கள்: உன் மேல் பத்துப் பன்னிரண்டு கிலோ இரும்புச் சட்டை, இடது கையில் உன் தோளிலிருந்து முழங்கால் வரை மறைக்கும் கேடயம், வலது கையில் ஈட்டி, மேலே உன்னைப் பார்த்தபடி நிற்கும் ஒரு மனிதச் சுவர். பத்துத் தடவை ஏற வேண்டும்.

அந்தச் சுவர்தான் ஹரால்டின் ஒரே உத்தி. முகட்டின் மேல் ஆட்கள் தோளோடு தோள் உரசி நின்று, ஒருவர் கேடயத்தின் விளிம்பு பக்கத்தவர் கேடயத்தின் மேல் படியும்படி பிடித்துக்கொள்வார்கள். முன்வரிசையில் ஹவுஸ்கார்ல்கள் எனப்பட்ட அரசரின் சொந்த வீரர்கள், பின்னால் ஊர்களிலிருந்து திரட்டிய படை. எல்லாரும் தரையில் நின்று சண்டை போட்டார்கள், குதிரையில் வந்தவர்கள்கூட இறங்கிவிட்டார்கள். ஹவுஸ்கார்லின் பெருமைக்குரிய ஆயுதம் நீண்ட காம்புள்ள கோடாரி. அதை வீச இரண்டு கையும் வேண்டும், ஆகவே கேடயம் பிடிக்க முடியாது. சுவரில் ஒரு இடைவெளி திறக்கும், கோடாரிக்காரர் அதன் வழியே முன்னே வந்து வீசுவார், பக்கத்துக் கேடயங்கள் அவரை மறைத்துக்கொண்டு மறுபடி மூடும். மறுநிகழ்த்தலில் இதை நிதானமாகச் செய்து காட்டுவார்கள். என் கண்ணுக்கு அந்த நாள் முழுவதிலும் அழகான அசைவு இதுதான்.

கீழே வில்லியத்திடம் மூன்று வகைப் படை இருந்தது: வில்லாளர், காலாள், குதிரை. முதலில் அம்பு. மேட்டை நோக்கி எய்யும் அம்பு கேடயத்தில் குத்தி நிற்கும், அல்லது தலைக்கு மேல் பறந்து பின்னால் போய் விழும். எதிர்ப்பக்கம் வில்லாளர் மிகக் குறைவு என்பதால் திருப்பி எய்ய அம்புகளும் கீழே வந்து சேரவில்லை. பிறகு காலாள் ஏறினார்கள், உடைக்க முடியவில்லை. பிறகு குதிரை. நெருங்கி நிற்கும் ஈட்டி முனைகளின் மேல் குதிரை போய் மோதாது, அது மனிதனைவிடப் புத்தியுள்ள பிராணி. அருகே வரும், திரும்பும், மறுபடி வரும். ஒரு குதிரை முழு வேகத்தில் சரிவில் ஏறி, கேடயங்களுக்குப் பத்தடி முன்னால் கழுத்தைத் திருப்புவதைப் பார்த்துவிட்டால், ஒரு நாள் முழுக்க ஏன் அந்தச் சுவர் நின்றது என்பதற்கு விளக்கமே தேவைப்படாது.

பின் எப்படி உடைந்தது? வில்லியத்தின் இடப்பக்கம் நின்றவர்கள் நார்மண்டிக்குப் பக்கத்திலிருந்த பிரிட்டனி நாட்டவர். அவர்கள் தாக்குப்பிடிக்க முடியாமல் கீழே ஓடினார்கள். வில்லியம் செத்துவிட்டார் என்ற புரளியும் பரவியது. அவர் தலைக்கவசத்தைத் தூக்கி முகத்தைக் காட்டினார். அதே நேரத்தில் மேலே சுவரிலிருந்து கொஞ்சம் பேர் வெற்றி வந்துவிட்டதென்று ஓடுபவர்களைத் துரத்திக்கொண்டு சரிவில் இறங்கினார்கள். இறங்கியவர்கள் சமதரையில் குதிரைகளின் நடுவே மாட்டிக்கொண்டார்கள். அதைக் கண்ட நார்மானியர் பிறகு வேண்டுமென்றே ஓடுவதுபோல் ஓடினார்கள் என்று வில்லியத்தின் பக்கத்து வரலாற்றாசிரியர் எழுதிவைத்திருக்கிறார். அத்தனை குழப்பத்தில் அவ்வளவு கட்டுப்பாடாகப் பொய்யோட்டம் ஓட முடியுமா என்று இன்றும் அறிஞர்கள் வாதிடுகிறார்கள். எதுவானாலும் சுவர் கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்தது. காட்சியில் இந்தக் கட்டம் வரும்போது கயிற்றுக்கு இப்பால் நிற்கும் பிள்ளைகள் “போகாதே, போகாதே” என்று கத்துவார்கள். அந்தக் கத்தலுக்காகத்தான் குடும்பத்தோடு போகச் சொல்கிறேன். சரிவின் அர்த்தம் அவர்களுக்குப் பிடிபட்டுவிட்டது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இந்த இடம்தானா என்ற கேள்வியும் உண்டு. அந்தப் போருக்கு உரியதென்று உறுதியாகச் சொல்லத்தக்க எலும்போ ஆயுதமோ இந்தக் களத்தில் கிடைக்கவில்லை. வேறு மேடுகளைச் சுட்டுவோரும் இருக்கிறார்கள். ஆனால் மடாலத்தின் சொந்த வரலாற்றேட்டில் ஒரு செய்தி வருகிறது. துறவிகளுக்கு இந்த முகடு பிடிக்கவில்லையாம். தண்ணீர் இல்லை, குறுகலான இடம், கொஞ்சம் தள்ளிக் கட்டிக்கொள்கிறோம் என்றார்களாம். வில்லியம் விடவில்லை. ஹரால்ட் விழுந்த இடத்தில்தான் பலிபீடம் வர வேண்டும் என்றார். கட்டுவதற்கு இவ்வளவு சிரமமான ஒரு முகட்டில், மேட்டை வெட்டிச் சமன் செய்து ஒரு பெரிய மடாலம் எழுந்திருக்கிறதென்றால், அந்த இடத்தையே பிடித்துக்கொள்ள ஒரு வலுவான காரணம் இருந்திருக்க வேண்டும். எனக்கு இந்த வாதம் போதுமானதாகப் படுகிறது.

அடுத்து, யார் எந்தப் பக்கம் என்று எப்படிக் கண்டுகொள்வது? சினிமாவில் ஒரு படைக்குச் சிவப்பு, மற்றதுக்குக் கறுப்பு என்று உடுத்திவிடுவார்கள். இங்கே இரு பக்கமும் ஒரே கவசம், மூக்கை மறைக்கும் இரும்புத் தகடு வைத்த ஒரே கூம்புத் தலைக்கவசம். ஆதாரம் பேயோ சித்திரத் துணி. லினன் துணியில் கம்பளி நூலால் பூவேலை செய்து இந்தக் கதை முழுவதையும் சொல்லும் அந்தத் துணி ஏறக்குறைய 70 மீட்டர் நீளம், அரை மீட்டர் உயரம். போர் முடிந்து சில ஆண்டுகளுக்குள் தைக்கப்பட்டது. அதில் ஆங்கிலேயருக்கு மீசை இருக்கிறது. நார்மானியர் மீசையை மழித்து, பிடரி முடியையும் ஏற வழித்திருக்கிறார்கள். ஹரால்டின் ஒற்றர்கள் போய்ப் பார்த்துவிட்டு, வந்திருப்பவர்கள் எல்லாம் பாதிரிமார்போல இருக்கிறார்கள் என்று சொன்னதாக மால்ம்ஸ்பரி வில்லியம் என்ற துறவி அடுத்த நூற்றாண்டில் எழுதினார். மறுநிகழ்த்துபவர்களில் சிலர் இதற்காகவே மீசை வளர்க்கிறார்கள், சிலர் பிடரியை வழித்துக்கொள்கிறார்கள். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி அனுப்புங்கள், முகாமுக்குள் மீசை தேடி அலைவார்கள்.

இவர்கள் யார் என்றால், பெரும்பாலும் நம்மைப்போல வேலைக்குப் போகிறவர்கள். வார நாளில் ஆசிரியர், நர்ஸ், மின்பணியாளர். வார இறுதியில் சாக்சன் வீரர். சம்பளத்துக்காக வருவதில்லை, கவசமும் உடையும் பெரும்பாலும் தங்கள் செலவிலேயே. பிரிட்டனில் இந்தப் பழக்கம் பெருகியது 1968-க்குப் பிறகு. அந்த ஆண்டு பதினேழாம் நூற்றாண்டு உள்நாட்டுப் போருக்கென்று சீல்டு நாட் என்ற சங்கம் தொடங்கியது. வைக்கிங், சாக்சன் காலத்துக்கான சங்கங்கள் பின்னாலேயே வந்தன. இங்கே தைத்த துணியின் தையல்கூட வெளியே தெரிந்தால் அது கையால் போட்டதாக இருக்க வேண்டும். கைக்கடிகாரம் கூடாது, மூக்குக்கண்ணாடி கூடாது. இதைச் சிலர் வெறி என்பார்கள், நான் மரியாதை என்பேன். ஆயிரம் ஆண்டுக்கு முன் இறந்தவனின் சட்டையைச் சரியாகத் தைப்பதற்கு ஒரு மாலைப்பொழுதைச் செலவிடுகிறவர் மேல் எனக்குப் பிரியம் உண்டு.

பாதுகாப்பைப் பற்றித் தாய்மார்கள் கேட்பது நியாயம். வாள்கள் இரும்புதான், ஆனால் விளிம்பு கூர் இல்லாமல் தடிப்பாக உருட்டித் தேய்க்கப்பட்டிருக்கும். ஈட்டி முனை மழுங்கல். அம்பு நுனியில் ரப்பர் குமிழ். தலையில் அடிக்கக் கூடாது, முகத்தை நோக்கிக் குத்தக் கூடாது, அடியின் வேகத்தைக் கடைசி நொடியில் இழுத்துப் பிடிக்க வேண்டும். இதைப் பயிற்சி பெற்றுக் காட்டிய பிறகே களத்தில் விடுவார்கள். ஆனால் சத்தம் மட்டும் நிஜம். நூறு கேடயங்களில் ஒரே நேரத்தில் கோல் விழும் ஓசைக்குச் சிறு குழந்தைகள் பயந்து அழலாம். அப்படிப்பட்ட பிள்ளை இருந்தால் கயிற்றோரம் வேண்டாம், பின்னால் நில்லுங்கள்.

சாவு எப்படித் தீர்மானிக்கப்படுகிறது? யார் வெல்வது என்பது முன்பே முடிவான கதை. ஹரால்ட் சனிக்கிழமையும் விழுவார், ஞாயிற்றுக்கிழமையும் விழுவார். தனித்தனி ஆளைப் பொறுத்தவரை, நல்லதொரு அடி பட்டால், அதை ஒப்புக்கொண்டு விழுவது அவரவர் நேர்மை. தொடக்கத்திலேயே எல்லாரும் விழுந்துவிட்டால் காட்சி இல்லை, கடைசிவரை யாரும் விழாவிட்டால் போர் இல்லை. ஆகவே எந்தக் கட்டத்தில் எவ்வளவு பேர் விழ வேண்டும் என்று மேலோட்டமாகப் பேசி வைத்திருப்பார்கள். ஹரால்டின் சாவிலேயே ஒரு சந்தேகம் இருக்கிறது. சித்திரத் துணியில் அவர் பெயருக்குக் கீழே இரண்டு உருவம்: ஒன்று கண்ணருகே அம்பைப் பிடித்தபடி நிற்பது, மற்றது குதிரைவீரன் வெட்டில் சாய்வது. இரண்டும் அவரா, ஒன்றுதானா, அந்த அம்பே பிற்காலத்தில் செப்பனிட்டபோது சேர்ந்ததா என்று வழக்கு முடியவில்லை. கண்ணில் அம்பு என்று பள்ளியில் படித்த பிள்ளை வீட்டில் இருந்தால், காட்சியில் எப்படி விழுகிறார் என்று பார்த்துவரச் சொல்லுங்கள்.

முடிந்ததும் ஒலிபெருக்கியில் ஒரு குரல் வரும். புல்லில் கிடந்தவர்கள் எல்லாரும் எழுந்து நிற்பார்கள், ஜனம் கை தட்டும். நம் திரௌபதி அம்மன் கோயில் படுகளத்தில் செத்துக் கிடப்பவர்களாகப் படுத்தவர்கள் எழுந்துவரும் நேரத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணம் அந்நியமாகத் தோன்றாது. ஆனால் அங்கே அவர்களை எழுப்புவது அம்மன், அதற்குமுன் ஒப்பாரி உண்டு. இங்கே கைதட்டல் மட்டும். அந்த ஒப்பாரிக்கான இடத்தைப் பெற்றோர் நிரப்ப வேண்டும் என்பது என் கட்சி.

ஏனென்றால் இந்தக் காட்சியில் வராதவை பல. ஒவ்வொரு பக்கமும் ஏழாயிரம் பேர் வரை இருந்திருக்கலாம் என்பது பொதுவான கணிப்பு, குறைத்துச் சொல்வோரும் உண்டு. இங்கே சில நூறு பேர். நிஜப் போர் எட்டு மணி நேரத்துக்கு மேல், காட்சி ஒரு மணி நேரம் போல. அன்று ஹரால்ட் மட்டும் அல்ல, அவருடைய தம்பிகள் கிர்த்தும் லியோஃப்வைனும் அதே புல்லில் கிடந்தார்கள். சித்திரத் துணியைத் தைத்த கைகள் இதை மறைக்கவில்லை. மேலே குதிரைகள் பாய, கீழ்க்கரையில் சின்ன உருவங்களாக வெட்டுண்ட உடல்கள், தலைகள், பிணத்தின் தலைவழியே சங்கிலிச் சட்டையை உருவும் ஆட்கள். கவசம் விலையுயர்ந்த பொருள், அதை விட்டுப் போக மாட்டார்கள். புத்தகத்தில் அந்தக் கீழ்க்கரையைப் பெரிதாக்கிப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே காட்டிவிடுங்கள்.

வென்றவர்களுக்கும் கணக்கு இருந்தது. போருக்குப் பிறகு திருச்சபை நார்மானிய வீரர்களுக்குப் பரிகாரத் தவம் விதித்தது. அந்த விதிகள் இன்றும் கிடைக்கின்றன. பெரும்போரில் ஒருவனைக் கொன்றேன் என்று அறிந்தவன், கொன்ற ஒவ்வொருவனுக்கும் ஓராண்டுத் தவம் செய்ய வேண்டும். காயப்படுத்தினேன், செத்தானா தெரியாது என்பவன் ஒவ்வொருவனுக்கும் நாற்பது நாள். திருச்சபையின் ஆசியோடு வந்த படை, வென்ற படை, இருந்தும் இந்தக் கணக்கு. மடாலமும் அந்த வழியில் வந்ததுதான். வில்லியம் அதன் முழு உருவைப் பார்க்காமலே 1087-இல் இறந்தார், மாதாகோயில் நேர்ந்தளிக்கப்பட்டது 1094-இல், அவர் மகன் காலத்தில். எட்டாம் ஹென்றி மடாலங்களைக் கலைத்தபோது 1538-இல் இதுவும் போயிற்று. பலிபீடம் இருந்த இடத்தில் இப்போது ஒரு கல் கிடக்கிறது, அவ்வளவே. ஜனக்கூட்டத்தில் அதைத் தாண்டிப் போய்விடுவது எளிது, தேடிப்போய் நில்லுங்கள்.

மதியத்துக்கு முகாம். கூடாரங்களுக்கு நடுவே கொல்லர் இருப்பார், மஞ்சிட்டி போன்ற வேரில் சிவப்பும், வோட் இலையில் நீலமும் சாயம் ஏற்றுபவர் இருப்பார். அடுப்பில் தானியமும் கீரையும் கொதிக்கும். உருளைக்கிழங்கு, தக்காளி, மிளகாய் எதுவும் இருக்காது, அவை அமெரிக்கக் கண்டத்திலிருந்து வர இன்னும் நானூறு ஆண்டுக்கு மேல் ஆக வேண்டும். அந்த நாளில் நம் வீட்டுச் சமையலிலும் மிளகாய் கிடையாது, காரத்துக்கு மிளகுதான் என்று சொன்னால் பிள்ளைகள் நம்ப மறுப்பார்கள். பிள்ளைகளுக்குச் சின்னக் கேடயம் கொடுத்து வரிசை கட்டச் சொல்லும் பயிற்சி நடந்தால் தவறவிடாதீர்கள். பக்கத்தில் இருப்பவன் நகர்ந்தால் என் விலா திறந்துவிடுகிறது என்பது அந்த ஐந்து நிமிடத்தில் தெரியும். லண்டன் சாரிங் கிராஸிலிருந்து பேட்டிலுக்கு ரயில் உண்டு, சுமார் ஒன்றரை மணி நேரம், நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான்.

முகாமைவிட்டுக் கிளம்புமுன் வில்லாளர்களிடம் போங்கள். ரப்பர் குமிழ் வைத்த அம்பைக் கையில் வாங்கிப் பார்க்க விடுவார்கள். நீங்கள் எய்தது யார்மேல் பட்டது என்று பிள்ளைகளைக் கேட்கச் சொல்லுங்கள். அவரால் சொல்ல முடியாது. முன்னால் நிற்கும் தன் ஆட்களின் தலைக்கு மேலே, வானத்தை நோக்கி எய்கிறார், விழும் இடம் அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. அந்தப் பரிகார விதிகளை எழுதியவர்களும் இதை யோசித்திருந்தார்கள். எத்தனை பேரைக் கொன்றோம், எத்தனை பேரைக் காயப்படுத்தினோம் என்று வில்லாளர்களால் அறிய முடியாது என்பதால் அவர்களுக்கு ஆள்கணக்கு வைக்கவில்லை, மூன்று தவக்காலங்கள் என்று மொத்தமாக விதித்தார்கள்.